மனநல டாக்டர்கிட்ட போகலாமா வேண்டாமான்னு யோசிக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

மனநல பிரச்சனைல நோயால வர்ற கஷ்டம் ஒரு பக்கம்னா, அதை யார்கிட்டயும் சொல்லாம வருஷக்கணக்கா இழுத்துட்டு போறதால வர்ற கஷ்டம் இன்னொரு பக்கம். 2005ல அமெரிக்கால வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல, டிப்ரஷன் மாதிரி பிரச்சனை ஆரம்பிச்சதுலேர்ந்து முதல் தடவை உதவி கேட்டு போறதுக்கு 6லேர்ந்து 8 வருஷம் ஆகுது, பதட்ட நோய்களுக்கு வகையை பொறுத்து 9லேர்ந்து 23 வருஷம் வரைக்கும் ஆகுதுன்னு வந்துச்சு. அதுவும் எப்படியோ கடைசில போய் சேந்தவங்க கணக்குதான், போகாமயே இருந்தவங்க அதுல வரல. அந்த வருஷங்கள்ல படிப்பு போகுது, வேலை போகுது, உறவு போகுது. இதுல வெக்கமும் பயமும் எவ்ளோ பங்கு வகிக்குதுன்னு கீழ இருக்கற கேள்விகளை பாத்தாலே புரியும்.

எனக்கு இருக்கறது நோயா, இல்ல சாதாரண சோகமா? எப்படி தெரிஞ்சுக்கறது?

சோகமும் பயமும் எல்லாருக்கும் வரும், பிடிச்சவங்க கூட பேசினா, ஒரு நல்ல சேதி வந்தா கொஞ்சமாவது லேசாகும். டிப்ரஷன்ல அந்த லேசாகறது ரொம்ப கஷ்டம். டாக்டருங்க முக்கியமா பாக்கறது எவ்ளோ நாளா இருக்கு, தினசரி வாழ்க்கைய எவ்ளோ கெடுக்குதுன்னுதான். ரெண்டு வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் மனசு பாரமா இருக்கு இல்லன்னா எதுலயுமே ஈடுபாடு வரல, கூடவே தூக்கம் கெடுது (வராம இருந்தாலும் சரி நாள் பூரா தூங்கினாலும் சரி), பசி மாறுது, உடம்புல சக்தியே இல்ல, ஒரு விஷயத்துல கவனம் நிக்கல, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு தோணுது, செத்துட்டா நல்லாருக்கும்னு தோணுது, இதுல பல விஷயம் சேந்து இருந்தா கண்டிப்பா ஒருத்தரை பாக்கணும்.

நிறைய பேருக்கு இது உடம்பு வழியா வரும். தலைவலி, முதுகுவலி, வயித்து கோளாறு, நெஞ்சு படபடப்புன்னு ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்து எல்லாம் நார்மல்னு வந்துட்டே இருக்கும். அதே சமயம் தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு இதெல்லாமும் டிப்ரஷன் மாதிரியே காட்டும், அதனால நல்ல டாக்டர் முதல்ல ரத்த டெஸ்ட் எழுதினா ஆச்சரியப்படாதீங்க. பிஎச்க்யூ-9ன்னு ஒன்பது கேள்வி உள்ள ஒரு ஃபார்ம் இருக்கு, உலகம் முழுக்க டாக்டருங்க யூஸ் பண்றது, நீங்களே போட்டு பாக்கலாம், மொத்தம் 27க்கு 10 இல்ல அதுக்கு மேல வந்தா டாக்டரை பாக்கறது நல்லது. ஆனா ஸ்கோர் கம்மியா வந்துடுச்சுன்னு போகாம இருக்காதீங்க. நோயா இல்லையான்னு முடிவு பண்றது டாக்டர் வேலை, அதை நீங்க முடிவு பண்ணிட்டுதான் அவர்கிட்ட போகணும்னு இல்ல.

என்னை விட கஷ்டப்படறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க, நான் போய் டாக்டர் நேரத்தை வீணாக்கணுமா?

இந்த கேள்விய கேக்கறவங்களை பத்திதான் எனக்கு அதிகமா கவலை. ஏன்னா வெளில இருந்து யாரும் இவங்களை தடுக்கல, ஊர்ல இருக்கறவங்க பேசற பேச்செல்லாம் மனசுக்குள்ள போய் உக்காந்து இவங்க குரல்லயே பேச ஆரம்பிச்சிடுது. சோம்பேறி, நடிக்கறான், வசதி ஜாஸ்தியானதால வந்த வியாதி, இதெல்லாம் மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடியே இவங்களே தன்னை பாத்து சொல்லிக்கறாங்க. அதுல பாதி டிப்ரஷனே பேசறது, தான் எதுக்கும் தகுதி இல்லாத ஆளுன்னு நெனைக்க வெக்கறது அந்த நோயோட அறிகுறில ஒண்ணு. அதாவது உதவி தேவையான்னு முடிவு பண்ண வேண்டிய மனசையே நோய் பிடிச்சு வெச்சிருக்கு, அந்த மனசு சொல்ற தீர்ப்பை அப்படியே நம்பாதீங்க.

கஷ்டத்துக்கு போட்டி எல்லாம் கிடையாது. நல்ல வேலை, நல்ல குடும்பம், கடன் எதுவும் இல்ல, இருந்தாலும் டிப்ரஷன் வரும். முத்தறதுக்கு முன்னாடி போனா சில சமயம் மாத்திரை இல்லாம தெரபிலயே (பயிற்சி எடுத்தவங்ககிட்ட பேசி பண்ணிக்கற சிகிச்சை) சரி பண்ணிடலாம், ரொம்ப மோசமானப்புறம் போனாதான் வேலை அதிகம். அந்த வகைல பாத்தா சீக்கிரம் போறவங்கதான் டாக்டர் நேரத்தை மிச்சப்படுத்தறாங்க.

மன தைரியம் இல்லாதவங்களுக்குதானே இதெல்லாம் வருது?

இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட 2019 கணக்குப்படி உலகத்துல 97 கோடி பேர், எட்டு பேர்ல ஒருத்தர், ஏதோ ஒரு மனநல பிரச்சனையோட வாழ்ந்துட்டு இருந்தாங்க. அத்தனை பேரும் கோழைங்களா? மரபணு, மூளை வேலை செய்யற விதம், சின்ன வயசுல நடந்தது, இப்ப இருக்கற நெருக்கடி, போதை, தூக்கமின்மை, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மாற்றம்னு பல விஷயம் சேந்துதான் இது வருது, தைரியத்துக்கு இதுல வேலையே இல்ல.

நார்வே நாட்டோட பிரதமரா இருந்த கெல் மாக்னே பொண்டேவிக் 1998ல பதவில இருக்கும்போதே எனக்கு டிப்ரஷன்னு வெளிப்படையா சொல்லிட்டு மூணு வாரத்துக்கு மேல லீவு எடுத்தார். அப்புறம் திரும்ப வந்து வேலைய பாத்தார், 2001ல மறுபடியும் பிரதமர் ஆனார். ஒரு நாட்டோட பிரதமர் லீவு லெட்டர்ல உண்மையான காரணத்தை எழுதினா என்ன ஆகும்னு அன்னிக்கு உலகமே பாத்துச்சு, ஒண்ணும் இடிஞ்சு விழல. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல மனநலத்தை காரணமா சொல்லி போட்டிங்கள்லேர்ந்து விலகினப்போ எவ்ளோ பேர் திட்டினாங்க, 2024 பாரிஸ்ல திரும்ப வந்து மூணு தங்கம் வாங்கினாங்க. இவங்க பேர சொல்றது நீங்களும் இப்படி ஜெயிக்கணும்னு இல்ல, ஜெயிக்கலன்னாலும் சிகிச்சை உங்க உரிமை. பலவீனம்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ல இது போதும்னுதான்.

யாராவது பாத்துட்டா? டாக்டர் வீட்ல சொல்லிடுவாரா?

நீங்க சொல்றதை ரகசியமா வெச்சுக்கறது மனநல டாக்டர், சைக்காலஜிஸ்ட் ரெண்டு பேருக்குமே தொழில் விதி. விதிவிலக்கு இருக்கு: உங்க உயிருக்கு இல்ல இன்னொருத்தர் உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்கு கொடுமை நடக்குது, கோர்ட் உத்தரவு, இந்த மாதிரி. 18 வயசுக்கு கீழ இருந்தா பெத்தவங்களுக்கு எவ்ளோ சொல்லணும்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும். முதல் நாளே "நான் சொல்றதுல எது வெளில போகும், எது போகாது"ன்னு நேரா கேளுங்க, அதை கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

பேர் பலகைல மனநலம்னு போட்ட இடத்துக்குள்ள போகவே கால் வரலன்னா, எல்லா நோய்க்கும் பாக்கற பெரிய ஆஸ்பத்திரில இருக்கற மனநல பிரிவுக்கு போங்க, அங்க நீங்க எதுக்கு வந்தீங்கன்னு யாருக்கும் தெரியாது. வீடியோ கால்ல பாக்கறவங்க இருக்காங்க. இல்ல நீங்க வழக்கமா காய்ச்சலுக்கு பாக்கற டாக்டர்கிட்டயே முதல்ல சொல்லுங்க, லேசான டிப்ரஷன், பதட்டத்துக்கு அவங்களே சிகிச்சைய ஆரம்பிக்க முடியும்.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், யார்கிட்ட போகணும்?

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் டெஸ்ட் பண்ணுவார், தெரபி குடுப்பார், பெரும்பாலான நாடுகள்ல மாத்திரை எழுத முடியாது. கவுன்சிலர்னு போட்டுக்கறவங்க படிப்பு இடத்துக்கு இடம் ரொம்ப மாறும், அதனால என்ன படிச்சிருக்காங்க, எங்க பதிவு பண்ணிருக்காங்கன்னு கேட்டுக்கோங்க. காதுல குரல் கேக்குது, சந்தேகம் எல்லை மீறுது, பல நாள் தூங்காமயே சுறுசுறுப்பா இருக்காங்க, தற்கொலை எண்ணம் இருக்கு, இதுக்கெல்லாம் நேரா சைக்கியாட்ரிஸ்ட்தான். மத்தபடி யார்கிட்ட முதல்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்குதோ அவங்ககிட்ட போங்க, தேவைப்பட்டா அவங்களே அடுத்த இடத்துக்கு அனுப்புவாங்க.

முதல் தடவை போனா உள்ள என்ன நடக்கும்?

பயத்துல பெரிய பங்கு இது தெரியாததால வர்றதுதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். பேச்சுதான் நடக்கும். என்ன பிரச்சனை, எப்பலேர்ந்து, தூக்கம் எப்படி, பசி எப்படி, வேலைக்கு போக முடியுதா, குடி சிகரெட் வேற போதை உண்டா, வேற என்ன நோய்க்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா, சாகணும்னு தோணிருக்கான்னு கேப்பாங்க. கடைசி கேள்விய எல்லார்கிட்டயும் கேப்பாங்க, உங்களை பாத்து சந்தேகப்பட்டு கேக்கறாங்கன்னு நெனைக்காதீங்க. சில டாக்டர் ஒரு மணி நேரம் குடுப்பாங்க, கூட்டம் அதிகமான இடத்துல பத்து நிமிஷம்தான் கிடைக்கும். அதுக்காகவே முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க, எது ரொம்ப கஷ்டமா இருக்கோ அதை முதல் வரில. வாய் வரலன்னா அந்த பேப்பரை அப்படியே நீட்டிடுங்க, அழுகை வந்தா அழுங்க, அந்த ரூம்ல தினமும் யாராவது அழறாங்க.

கூட ஒருத்தரை கூட்டிட்டு போகலாம், ஆனா கொஞ்ச நேரமாவது டாக்டர்கிட்ட தனியா பேசணும்னு கேட்டு வாங்கிக்கோங்க. எல்லாத்தையும் முதல் நாளே கொட்டணும்னு அவசியம் இல்ல. பெட்ல சேத்துடுவாங்களோன்னு பயப்படறவங்களுக்கு: வர்றவங்கள்ல மிகப் பெரும்பாலானவங்க பேசிட்டு வீட்டுக்கு திரும்பி போறவங்கதான், அட்மிஷன் உயிர் ஆபத்து மாதிரி நிலைமைக்குதான்.

மாத்திரை ஆரம்பிச்சா அடிமையாயிடுவோமா? ஆயுசு முழுக்க சாப்பிடணுமா?

எல்லா மாத்திரையையும் ஒரே பேர்ல போட்டு குழப்பிக்கறதால வர்ற பயம் இது. டிப்ரஷனுக்கும் பதட்டத்துக்கும் இப்ப முதல்ல குடுக்கறது எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைங்க, ஃப்ளூஆக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் மாதிரி. இதுக்கு போதை கிடையாது, இன்னும் இன்னும் வேணும்னு ஏங்க வெக்காது. ஆனா திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், தூக்கக் கோளாறு, தலைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி ஒரு உணர்வு வரும், அதனாலதான் டோஸை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்துவாங்க. இன்னொரு பக்கம் அல்ப்ரஸோலம், குளோனஸெபம், டயஸெபம் மாதிரி மாத்திரைங்க இருக்கு, உடனே அமைதியாக்கும், தூக்கம் வரவைக்கும், இதை நிறைய நாள் சாப்பிட்டா பழக்கமாயிடற ஆபத்து நெஜமாவே இருக்கு. அதனால டாக்டருங்க பொதுவா சில வாரத்துக்கு மட்டும் குடுப்பாங்க. பழைய சீட்ட காட்டி நீங்களா வாங்கி சாப்பிடறது இதுலதான் ரொம்ப ஆபத்து.

எஸ்எஸ்ஆர்ஐ வேலை செய்ய ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் ஆகலாம். ஆனா குமட்டல், தலைவலி, ஒரு மாதிரி பதட்டம் இதெல்லாம் முதல் வாரத்துலயே வந்துடும். நல்லது லேட்டா வருது, சைடு எஃபெக்ட் சீக்கிரம் வருது, இந்த நடுவுல இருக்கற நாள்லதான் பல பேர் "இது எனக்கு ஒத்துக்கல"ன்னு தூக்கி போட்டுடறாங்க. பல சைடு எஃபெக்ட் சில வாரத்துல குறையும். செக்ஸ் விஷயத்துல வர்ற பிரச்சனையும் எடை கூடறதும் நீடிக்கலாம், வெக்கப்படாம சொன்னா மாத்திரைய மாத்த வழி இருக்கு. 25 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் அதிகமாகுதான்னு வீட்ல கவனிக்கணும், பல நாடுகள்ல மாத்திரையோட வர்ற குறிப்புலயே அந்த எச்சரிக்கை இருக்கும்.

எவ்ளோ நாள்னா, முதல் தடவை வந்த டிப்ரஷனுக்கு நல்லான பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் சாப்பிட சொல்வாங்க, திரும்ப திரும்ப வர்றவங்களுக்கு இன்னும் கூடுதலா. பைபோலார் (மனசு சில காலம் அளவுக்கு மீறின உற்சாகத்துக்கும் சில காலம் டிப்ரஷனுக்கும் மாறற நோய்), ஸ்கிசோஃப்ரீனியா (இல்லாத குரல் கேக்கறது, நடக்காததை நெஜம்னு நம்பறது மாதிரி வர்ற நோய்), இதுலெல்லாம் நீண்ட நாள் தேவைப்படறவங்க அதிகம். ஆயுசு முழுக்க சாப்பிட வேண்டி வந்தா அதுல என்ன கேவலம்? கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன்னு அமெரிக்கால பைபோலார் நோய் பத்தி பெரிய ஆராய்ச்சி பண்ண சைக்காலஜிஸ்ட் ஒருத்தங்க, தனக்கே பைபோலார்தான், அதுக்கு குடுக்கற லித்தியம் மாத்திரை சாப்பிட்டுதான் வாழறேன்னு 1995ல ஊரறிய சொன்னாங்க, பேராசிரியராவே தொடர்ந்தாங்க.

கரண்ட் ஷாக் குடுப்பாங்களா?

டிப்ரஷன்னு போற எல்லாருக்கும் குடுக்கறது இல்ல. ஈசிடிங்கற அந்த சிகிச்சை 1938ல ஆரம்பிச்சது, அந்த காலத்துல மயக்க மருந்து இல்லாம குடுத்தாங்க, அந்த படம்தான் இன்னும் மக்கள் மனசுல இருக்கு. இப்ப மயக்க மருந்தும் தசை தளர்த்தற மருந்தும் குடுத்துட்டுதான் பண்றாங்க. சாப்பாடு தண்ணி எல்லாம் நிறுத்திட்ட அளவுக்கு தீவிரமான டிப்ரஷன், உடம்பு அசையாம உறைஞ்சு போற நிலைமை, இதுக்கெல்லாம் வேகமா வேலை செய்யறது அது. ஞாபக மறதி வரும், பெரும்பாலும் சரியாகும், சிலருக்கு சில நினைவுகள் திரும்ப வராம போகலாம், அதை முன்னாடியே கேட்டு தெரிஞ்சுக்கணும்.

தெரபினா சும்மா பேச்சுதானே, அதுக்கு ஃப்ரெண்ட்கிட்ட பேசிட்டு போகலாமே?

ஃப்ரெண்ட்கிட்ட பேசுங்க, அது வேணும். ஆனா தெரபில பயிற்சி நடக்குது. சிபிடிங்கற முறைய எடுத்துக்கிட்டா, 1960கள்ல ஆரன் பெக்ங்கற அமெரிக்க மனநல டாக்டர் உருவாக்கினது, தானா ஓடற எண்ணங்களை புடிச்சு எழுதறது, அதுக்கு ஆதாரம் இருக்கான்னு பாக்கறது, பயந்து ஒதுங்கற விஷயத்தை படிப்படியா செஞ்சு பாக்கறதுன்னு வீட்டுப்பாடத்தோட நடக்கும். லேசான, நடுத்தர டிப்ரஷனுக்கு மாத்திரைக்கு சமமா பலன் தரும், ரெண்டும் சேந்தா பல பேருக்கு இன்னும் நல்லது.

ஒரு தடவை போனேன், அந்த டாக்டர் மூஞ்சிய கூட பாக்கல. இனிமே போகவே மாட்டேன்.

கோபம் நியாயம். உதவி தர்ற இடத்துலயே அவமானப்படுத்தறது நடக்குது, அதை மூடி மறைச்சு பேச எனக்கு இஷ்டம் இல்ல. "இதெல்லாம் ஒரு பிரச்சனையா"ன்னு சொன்ன டாக்டர், மதத்தையோ குணத்தையோ குறை சொன்ன கவுன்சிலர், இவங்களை விட்டு வெளில வர்றதுல தப்பே இல்ல. ஆனா அவங்களை விடுங்க, சிகிச்சைய விடாதீங்க. மாத்திரை ஆரம்பிச்சிருந்தா அடுத்தவரை பாக்கற வரைக்கும் நீங்களா நிறுத்தாம இருங்க, பழைய சீட்டையும் கைல எடுத்துட்டு போங்க. தெரபிஸ்ட் செட் ஆக ரெண்டு மூணு பேரை மாத்தி பாக்கறது சகஜம்.

பிரார்த்தனை, யோகா, வாக்கிங் போதாதா?

நம்பிக்கை தெம்பு குடுக்கும், உடற்பயிற்சி டிப்ரஷனை குறைக்கறதுக்கு நல்ல ஆதாரமே இருக்கு. சிகிச்சையோட சேத்து பண்ணுங்க. உனக்கு பக்தி பத்தல, அதான் குணமாகலன்னு யாராவது சொன்னா அங்க போறத நிறுத்துங்க. கட்டி போடறது, அடிக்கறது, பட்டினி போடறது இதெல்லாம் எந்த பேர்ல நடந்தாலும் கொடுமைதான்.

வீட்ல ஒருத்தருக்கு தெளிவா பிரச்சனை இருக்கு, ஆனா டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறார். என்ன பண்றது?

"உனக்கு மனநோய், வா போகலாம்"னு ஆரம்பிச்சா கதவு சாத்திடும். அவருக்கே தொந்தரவா இருக்கற ஒண்ணை புடிங்க, தூக்கம் வரலியே, எப்பவும் டயர்டா இருக்கியே, அதுக்கு பாக்கலாம்னு. சண்டை போட்ட அன்னிக்கு பேசாதீங்க, நாலு பேர் சூழ்ந்து உக்காந்து பேசாதீங்க. ஒரு தடவை மட்டும் வா, பிடிக்கலன்னா விட்டுடலாம்னு சொல்லி பாருங்க.

ஸ்கிசோஃப்ரீனியா மாதிரி நோயில தனக்கு உடம்பு சரியில்லங்கறதே அவருக்கு தெரியாம போகலாம், அது பிடிவாதம் கிடையாது, நோயோட ஒரு பகுதி. அவர் நம்பறதை பொய்னு நிரூபிக்க வாதாடாதீங்க, ஆமான்னும் தலையாட்டாதீங்க, "உனக்கு எவ்ளோ பயமா இருக்கும்னு புரியுது"ன்னு அந்த பயத்தோட பேசுங்க. அவருக்கு தெரியாம மாத்திரைய எதுலயாவது கலந்து குடுக்கறது பல வீட்ல நடக்குது, தெரிஞ்ச அன்னிக்கு நம்பிக்கை மொத்தமா போயிடும், அதுக்கு பதிலா நீங்க மட்டும் முதல்ல போய் டாக்டர்கிட்ட நிலைமைய சொல்லி வழி கேளுங்க. இந்த நோய்ல சிகிச்சை தாமதமாக ஆக பலன் குறையுதுன்னு பல ஆய்வு காட்டுது, அதனால காத்திருந்து பாக்கலாம்ங்கற யோசனை வேண்டாம். கூட இருந்து பாத்துக்கற உங்களுக்கும் தூக்கம், ஓய்வு, பேச ஒரு ஆள் வேணும்.

சாகணும்னு பேசறாங்க. அதை பத்தி கேட்டா அந்த எண்ணத்தை நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடுமா?

ஆகாது. நேரா கேக்கறதால ஆபத்து கூடறது இல்லன்னு ஆய்வுகள் சொல்லுது, பல பேருக்கு அப்பாடா ஒருத்தராவது கேட்டாங்களேன்னு நிம்மதிதான் வருது. "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?"ன்னு அந்த வார்த்தையாலயே கேளுங்க. எப்படி, எப்பன்னு யோசிச்சு வெச்சிருக்காங்களான்னும் கேளுங்க, அப்படி இருந்தா அவசரம். தனியா விடாதீங்க, பூச்சி மருந்து, மாத்திரை, ஆயுதம் எது கைக்கு எட்டற மாதிரி இருந்தாலும் அங்கேர்ந்து எடுத்துடுங்க, அந்த தீவிரமான உந்துதல் பல பேருக்கு கொஞ்ச நேரத்துல தணியும், அந்த நேரத்தை கடத்தறதுக்கே இது. உங்க நாட்டு அவசர எண்ணுக்கோ தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைனுக்கோ கால் பண்ணுங்க, இல்ல நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் கேட்டா பண்ணாதீங்க.

இதை படிக்கற உங்களுக்கே அப்படி தோணுதுன்னா மத்ததை எல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம், இப்பவே ஒருத்தருக்கு போன் பண்ணுங்க.

வேலை செய்யற இடத்துல, கல்யாணம் பண்ணிக்க போறவர்கிட்ட சொல்லணுமா?

ஆஃபீஸ்ல சொல்றது உங்க விருப்பம். வேலை நேரத்துல மாற்றம், லீவு மாதிரி ஏதாவது தேவைப்பட்டா சொல்றதுல லாபம் இருக்கு, அப்பவும் நோய் பேர் வரைக்கும் சொல்லணும்னு இல்ல. உங்க நாட்டு சட்டம் என்ன பாதுகாப்பு தருதுன்னு முன்னாடியே பாத்துக்கோங்க. வாழ்க்கைத் துணையா வரப் போறவர்கிட்ட சொல்லிடறதுதான் என் அபிப்பிராயம், மறைச்சு வெச்சா மாத்திரையவும் மறைச்சு சாப்பிடணும், ஒரு நாள் விட்டு போகும். இதை கேட்டு விலகிப் போறவங்க இருப்பாங்க, அது வலிக்கும், அதை இல்லன்னு சொல்ல முடியாது.

மனநோய் இருக்கறவங்க ஆபத்தானவங்களா? குழந்தைங்களுக்கும் வந்துடுமா?

பெரும்பாலானவங்க யாரையும் ஒண்ணும் பண்றது இல்ல, அவங்க மேலதான் வன்முறை அதிகமா நடக்குது. பரம்பரைனு பாத்தா ஸ்கிசோஃப்ரீனியா பொதுவா நூத்துல ஒருத்தருக்கு வாழ்நாள்ல வரலாம்னா, பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா சுமார் பத்து பேர்ல ஒருத்தருக்கு வரலாம். அதாவது மீதி ஒன்பது பேருக்கு வராது.

நல்லாயிட்டேன். திரும்ப வந்துடுமோன்னு பயமா இருக்கு, வந்தா மறுபடியும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு போறது?

டிப்ரஷன் ஒரு தடவை வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதி பேருக்கு திரும்ப வர வாய்ப்பு இருக்கு. அதனால அது உங்க தோல்வி இல்ல, டாக்டர் எதிர்பாத்து வெச்சிருக்கற விஷயம்தான், நீங்க திரும்பி போனா அவர் ஆச்சரியப்பட மாட்டார். நல்லா இருக்கும்போதே உங்களோட ஆரம்ப அறிகுறி என்னன்னு எழுதி வெச்சிடுங்க. ஒருத்தருக்கு விடியக்காலைல முழிப்பு வர்றது, ஒருத்தருக்கு போனை எடுக்காம விடறது, ஒருத்தருக்கு குளிக்கறது தள்ளி போறது. பைபோலார் இருந்தா தூக்கம் குறைஞ்சும் களைப்பே இல்லாம இருக்கறது பெரிய எச்சரிக்கை. கூட இருக்கற ஒருத்தர்கிட்ட அந்த லிஸ்ட்ட குடுத்து, இதுல ரெண்டு மூணு ஒரு வாரத்துக்கு மேல தொடர்ந்து பாத்தா என்கிட்ட சொல்லு, நான் கோச்சுக்கிட்டாலும் சொல்லுன்னு பேசி வெச்சுக்கோங்க. டாக்டர் நம்பரையும் கடைசியா எந்த மாத்திரை எந்த டோஸ்ல வேலை செஞ்சுதுங்கறதையும் அதே பேப்பர்ல எழுதிடுங்க.